நாற்பத்தோராவது வளையம்

மரகதம் பச்சை நிறமுடையது என்பதை நகைக்கடைப் படியேறியவர்களுக்கும் பழந்தமிழ் படித்தவர்களுக்கும் புதிதாக எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை; பொதுவாக அது எனக்கும் தெரிந்த விஷயந்தான். ஆனால் பதினோரு பிராயத்தில், பாளையங்கோட்டையில் ஒரு மாடியறையில் உட்கார்ந்து, மண்ணைக் குடைந்து குடைந்து நான் பொறுக்கியெடுத்த ஆயிரக்கணக்கான மரகதங்களும் பச்சை நிறத்தவையே என்பது, என்னுடைய நாற்பத்தைந்தாவது வயதில், சென்னையில், வீட்டில் எல்லோரும் உறங்கிய பிறகு ஓர் இரவில்தான் எனக்குத் தெரியவந்தது. அதுவரையில் அவை என் ஞாபகத்தில் பழுத்த நாரத்தையின் தோல் நிறத்திலேயே இருந்துவந்தன.

விளையாட்டின் பெயர் டிக்கர். 1983-இல் கனடா தேசத்து விண்ட்மில் சாஃப்ட்வேர் என்ற நிறுவனம் வெளியிட்டது. பூமியைக் குடைந்து செல்லும் சிறு வண்டியொன்றை நாம் ஓட்ட வேண்டும். புதைந்து கிடக்கும் மரகதங்களைச் சேகரிக்க வேண்டும். துரத்தி வரும் பூதங்களின் தலைமேல் தங்கமூட்டையைத் தள்ளிவிட்டு அவற்றை நசுக்க வேண்டும். சுரங்கவழி மாத்திரமே அறிந்த பூதங்கள் சற்று நேரத்தில் உருமாறித் தாமே மண்ணைக் குடையத் தொடங்கிவிடும்; அப்போதுதான் சங்கடம். சுடுவதற்கும் ஏற்பாடு உண்டு, ஆயினும் ஒருமுறை சுட்டுவிட்டால் மறுமுறை சுடுவதற்குச் சிறிது நேரம் பொறுத்திருக்க வேண்டும். இவ்வளவுதான் விளையாட்டு. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே, இவ்வளவுதானா என்று எனக்கே ஐயம் எழுகிறது.

தெற்கு பஜாரை ஒட்டிய ஒரு சந்தில், நோட்டுப் புத்தகக் கடையின் மேல்மாடியில், அந்தக் கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. செருப்பை மாடிப்படியிலேயே கழற்றிவிட வேண்டும். கதவைத் திறந்தால் ஒரு கனத்த திரைச்சீலை. அதையும் விலக்கினால், திருநெல்வேலி ஜில்லாவின் சித்திரை வெயிலிலும் உடம்பு சிலிர்க்கும்படியான குளிர். கோயில் கருவறைக்கு வெப்பமும் இந்த அறைக்குக் குளிர்ச்சியும் இலக்கணம் என்று எனக்கு அந்த வயதில் ஓர் எண்ணம் உண்டு. இரண்டு இடத்திலும் உள்ளே எதையும் தொடக்கூடாது. நான்கு யந்திரங்கள். மூன்று, ஹார்ட் டிஸ்க் இல்லாத எக்ஸ்.டி. வகை, ஒன்று மாத்திரம் 40 மெகாபைட் ஹார்ட் டிஸ்க் பொருத்திய ஏ.டி. அதற்குத் தனியாக ஒரு பூப்போட்ட உறை தைத்துப் போட்டிருந்தார்கள். பி.காம். முடித்த அக்காமார் லோட்டஸும் டிபேஸும் கற்றுக்கொண்டிருக்க, பள்ளிப் பிள்ளைகளாகிய நானும் அத்தானும் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பேசிக் படித்தோம். அத்தான் என் அத்தை மகன். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். எங்கள் இருவருக்கும் சேர்த்து மாதம் 150 ரூபாயை மாமாதான் கட்டிக்கொண்டிருந்தார் என்பதை இந்த இடத்திலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் பின்னால் அது வேண்டியிருக்கும்.

நான்கு யந்திரங்களிலும் திரை ஒரே நிறம். ஆம்பர் மானிட்டர் என்பார்கள். கறுப்பிலே ஆரஞ்சு எழுத்து. நிறத்திரை விலை கூடுதல், அதோடு கணக்கு எழுதுகிறவர்களுக்கு நிறத்தைவிட எழுத்தின் தெளிவே முக்கியம். அந்தத் தெளிவுக்குக் காரணமாயிருந்தது ஹெர்க்குலிஸ் என்ற வரைபட அட்டை. இதன் பூர்வோத்தரத்தை நான் வெகுகாலம் கழித்துத்தான் படித்தேன்: வான் சுவன்னுகுல் என்ற தாய்லாந்துக்காரர், தம் தாய்மொழி எழுத்துக்களைத் திரையில் காண வேண்டும் என்ற ஆவலினால் உருவாக்கத் தொடங்கி, 1982-இல் அமெரிக்காவில் நிறுவனம் கண்டு விற்பனைக்குக் கொண்டுவந்தது அது. மேலும் கீழும் குறிகள் ஏறி நிற்கும் தாய்லாந்து எழுத்துக்கு, நம் எழுத்துக்களைப் போலவே, நுட்பமான புள்ளிகள் அவசியம். ஆகவே குறுக்கே 720, நெடுக்கே 348 புள்ளிகள். ஒரு மனிதருடைய பாஷாபிமானத்தின் பலனைக் கடல் கடந்து பாளையங்கோட்டையில் அனுபவித்துக்கொண்டிருந்தோம் என்பது அப்போது எங்களுக்கோ, எங்கள் சாருக்கோ தெரிந்திருக்க நியாயமில்லை.

ஆனால் விளையாட்டுக்களோ சி.ஜி.ஏ. என்ற வேறொரு வகை அட்டைக்காக, நான்கே நிறங்களில், 320-க்கு 200 புள்ளிகள் என்ற கணக்கில் எழுதப்பட்டவை. ஹெர்க்குலிஸில் அவை ஓடா. ஓடவைப்பதற்கென்று ஒரு குட்டி நிரல் அந்நாளில் கைக்குக் கை உலவியது. சிம்சிஜிஏ என்று பெயர். முதலில் அதை ஓட்டிவிட்டுப் பிறகு விளையாட்டை ஓட்டினால், சி.ஜி.ஏ.தான் உள்ளே இருக்கிறது என்று விளையாட்டு ஏமாந்துபோகும். அது செய்த தந்திரம் வெகு எளிமையானது. ஒவ்வொரு நிறப்புள்ளியையும் குறிக்க நினைவகத்தில் இரண்டு பிட்டுகள் உண்டல்லவா? அவ்விரண்டையும் அப்படியே அருகருகே இரண்டு ஒளிப்புள்ளிகளாகத் திரையில் போட்டுவிடும். கறுப்பென்றால் இரண்டும் அணைந்திருக்கும். மஞ்சளென்றால் இரண்டும் எரியும். பச்சைக்கு ஒன்று எரியும், சிவப்புக்கு மற்றொன்று எரியும். ஆக, பச்சைக்கும் சிவப்புக்கும் எங்கள் கண்ணில் இருந்த பேதம் அரைப்புள்ளி நகர்ந்த ஒரு மெல்லிய கோட்டின் பேதமேயன்றி வேறில்லை. மல்வேட்டியில் வெயில் பட்டால் இழை தெரியுமே, அந்தமாதிரி எங்கள் பூதங்களும் மரகதங்களும் ஆரஞ்சு இழைகளால் நெய்யப்பட்டிருந்தன.

எக்ஸ்.டி. விசைப்பலகையை இக்காலத்துப் பிள்ளைகள் பார்த்திருக்கமாட்டார்கள். எஃப் எழுத்து விசைகள் பத்தும் மேல் வரிசையில் அல்ல, இடது ஓரத்தில் இரண்டு பத்தியாக நிற்கும். அம்பு விசைகளோ வலது ஓரத்தில், எண்களின்மேலேயே அச்சிட்டிருக்கும். டிக்கரில் ஓட்டுவது அம்பு விசையால், சுடுவது எஃப்1-ஆல். ஒருவனே இரண்டையும் கவனிப்பதென்றால் கையைப் பரத்திக்கொண்டு நண்டுபோல் உட்கார வேண்டும். இருவராகப் போன எங்களுக்கு அதுவே சௌகரியமாயிற்று. வலப்பக்கம் நான் உட்கார்ந்து ஓட்டுவேன். இடப்பக்கம் அத்தான் உட்கார்ந்து சுடுவார். “அத்தான், சுடு!” என்று நான் கத்துவதற்கு முன்னமே அநேகமாகச் சுட்டிருப்பார். சுடாமல் இருந்தாரானால், சுடக்கூடாத ஏதோ காரணம் அவருக்குத் தெரிந்திருக்கிறது என்று கொள்ள வேண்டும்.

பின்னணியில் ஒரு மெட்டு ஓயாமல் ஒலிக்கும். யந்திரத்தின் வயிற்றுக்குள் கிடந்த ஒற்றை ஸ்பீக்கருக்கு ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் எழுப்பத் தெரியும். அந்த ஒற்றைச் சுரங்களை உதிர்த்து உதிர்த்து, ஓட்டுக்கூரையிலிருந்து மழைநீர் சொட்டுவதுபோல அது பாடும். கெர்ஷன் கிங்ஸ்லி என்பவர் 1969-இல் மின்னிசைக் கருவிக்காக அமைத்த பாப்கார்ன் என்ற மெட்டு அது என்று இன்று சொல்ல முடிகிறது. வண்டி நசுங்கினால் ஷோபானின் இறுதி ஊர்வல இசை; அதை எவரும் எங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியிருக்கவில்லை, கேட்ட மாத்திரத்தில் சாவுப்பாட்டு என்று இருவருக்கும் விளங்கிவிட்டது. எப்போதாவது திரையின் மூலையில் ஒரு செர்ரிப்பழம் தோன்றும். அதைத் தின்றுவிட்டால் நிலைமை தலைகீழ். பூதங்களை நாம் துரத்தித் தின்னலாம். அப்போது மெட்டு மாறி, ரோஸினியின் வில்லியம் டெல் இசைநாடக முகப்பில் வரும் குதிரைப்பாய்ச்சல் போன்ற பகுதி ஒலிக்கும். நாங்கள் வைத்திருந்த பெயரும் குதிரைப்பாட்டுத்தான். அந்தப் பாட்டு ஓடும் வரையில் துரத்தலாம். நின்றால் ஓடிவிட வேண்டும். எங்களுக்கு அது முழுக்க முழுக்கக் காதால் ஆடிய ஆட்டம். திரையில் வித்தியாசம் எதுவும் தெரியாது.

இந்த விளையாட்டு வந்தது என் ஃபிளாப்பியில். அந்த ஆண்டு காலாண்டு விடுமுறைக்குச் சென்னை சென்றிருந்தபோது, சித்தப்பாவின் அலுவலகத்தில் எவரோ பிரதி எடுத்துக் கொடுத்தது. ஐந்தேகால் அங்குல அகலம், 360 கிலோபைட் கொள்ளளவு. சித்தப்பா வெகு ஜாக்கிரதையான மனிதர். ஃபிளாப்பியின் வலது விளிம்பில் ஒரு சதுரமான வெட்டு இருக்கும். அதை ஒட்டுத்தாளால் மூடிவிட்டால் எந்த யந்திரமும் அதன்மேல் எதையும் எழுத முடியாது, படிக்கத்தான் முடியும். “ஊர்ல யார் யாரோ தொடுவாங்க, எதையாவது அழிச்சிருவாங்க” என்று சொல்லி, கறுப்புச் சதுர ஒட்டுத்தாள் ஒன்றை என் கையில் கொடுத்து என்னையே ஒட்டச் சொன்னார். ஒட்டினேன். நகத்தால் நான்கு ஓரமும் தேய்த்துவிட்டேன். அதன் பிறகு அதை ஒருநாளும் உரித்ததில்லை.

அது கார்த்திகை மாதம் ஒரு ஞாயிறு என்று நினைக்கிறேன். சார் சாப்பிடப் போயிருந்த வேளையில் அத்தானுக்கு ஒரு விபரீத ஆசை: அந்தப் பூப்போட்ட உறை போர்த்திய ஏ.டி.யில் டிக்கரை ஓட்டிப் பார்க்க வேண்டும். எக்ஸ்.டி.யைவிட அது வேகமான யந்திரம். ஓட்டினோம், வேகத்தைக் குறைக்க டர்போ பொத்தானை விடுத்தும்கூட எங்கள் வண்டி கட்டறுத்த கன்றுபோல் ஓடியது, சிரித்து முடிப்பதற்குள் கரண்டு போயிற்று. இருட்டில் எழுந்து நின்றோம். கரண்டு வந்தபோது யந்திரம் தானே உயிர்த்து, ஃபிளாப்பி டிரைவின் சிவப்பு விளக்கு எரிந்து, உள்ளே கிடந்த என் தட்டு கரகரவென்று சுழன்று, ‘இது சிஸ்டம் டிஸ்க் அன்று’ என்னும் பொருள்பட ஓர் ஆங்கில வரி திரையில் வந்தது. தட்டை உருவிக்கொண்டு ஒரு விசையை அழுத்தினோம். யந்திரம் யதாப்பிரகாரம் எழுந்தது. உறையைப் போட்டுவிட்டு நல்ல பிள்ளைகளாகப் பேசிக் எழுதத் தொடங்கினோம். அரை நிமிஷ விவகாரம்.

1992 ஜனவரி 5 ஞாயிற்றுக்கிழமை. மார்கழியாகையால் விடியற்காலையிலிருந்து ஒலிபெருக்கியில் திருப்பாவை. நாங்கள் போனபோது ஏ.டி. யந்திரத்தின் முன் ஒரு சிறு கூட்டம் நின்றது. யாரோ ஒரு ஜோஷிக்குப் பிறந்தநாள் வாழ்த்துத் தட்டச்சு செய்யும்படி ஆங்கிலத்தில் ஒரு கட்டளை திரையில் நின்றது. எந்த விசைக்கும் யந்திரம் அசையவில்லை. “யாருடா இந்த ஜோஷி? நம்ம அட்மிஷன் லிஸ்ட்ல அப்படி ஒருத்தன் கிடையாதே” என்று சார் நிஜமாகவே ரிஜிஸ்தரைப் புரட்டினார். பிறகு யாருக்கோ டெலிபோன் செய்வதற்காகக் கீழே கடைக்கு இறங்கிப் போனார். எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, அத்தான் சொன்னார்: “பொறந்தநாளைக்கு வாழ்த்துக் கேக்கான். சொல்லிட்டாப் போச்சு.” ஒற்றை விரலால், எழுத்து எழுத்தாகத் தேடி, ஹேப்பி பர்த்டே ஜோஷி என்று அடித்தார். யந்திரம் வழிவிட்டது. அறையில் கைதட்டல்கூட எழுந்தது. அந்தக் கைதட்டல் ஓய்வதற்குள் சார் மாடியேறி வந்துவிட்டார்.

கேட்டவன் கள்ளனா, விடை சொன்னவன் கள்ளனா என்ற கேள்வி வந்தால், விடை சொன்னவன்தான் என்று முடிவு கட்டுவது உலக இயற்கை. மந்திரம் தெரிந்தவன்தானே ஏவலும் விட்டிருப்பான்? மறு வாரம் மதுரையிலிருந்து ஒருவர் வந்து, இது வைரஸ், இந்தியாவிலேயே தோன்றியது, ஜோஷி என்றே அதற்குப் பெயர், ஆண்டு முழுவதும் பதுங்கியிருந்து ஜனவரி 5-ஆம் தேதி மாத்திரம் வாயைத் திறக்கும் என்றெல்லாம் விளக்கினார். அது எப்படிப் பரவுகிறது என்பதையும் சொன்னார்: தொற்றுள்ள ஃபிளாப்பி டிரைவில் கிடக்கும்போது யந்திரத்தை எழுப்பினால், யந்திரம் முதன்முதல் படிப்பது அந்தத் தட்டின் முதல் பகுதியைத்தான், ‘சிஸ்டம் டிஸ்க் அன்று’ என்ற வரி திரையில் வருவதற்கு முன்பே அது ஹார்ட் டிஸ்க்கில் குடியேறிவிடும். இதை நான் அத்தானுக்குப் பின்னால் நின்று கேட்டேன். வயிற்றில் ஏதோ ஒன்று கீழே இறங்கியது. அத்தான் திரும்பி என்னைப் பார்த்தாரா என்று எத்தனை யோசித்தும் ஞாபகம் வரவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை என்பது ஞாபகமிருக்கிறது.

மாமாவைக் கூப்பிட்டனுப்பினார்கள். “இனி அந்தப் பக்கம் தலவச்சிப் படுக்கப்பிடாது” என்று அவர் அத்தானிடம் சொன்னார். எனக்கு அந்த உத்தரவு இல்லை. என் பங்குக் கட்டணத்தை மாத்திரம் அவர் தொடர்ந்து கட்டிவந்தார். அதன் பின் பேசிக், பாஸ்கல், கல்லூரி, சென்னை, உத்தியோகம் என்று என் காலம் போயிற்று. அத்தான் பத்தாவது முடித்ததும் திருநெல்வேலி டவுனில் மாமாவின் பாத்திரக்கடையில் உட்கார்ந்தார். காலப்போக்கில் இந்த விருத்தாந்தத்தை நான் நண்பர்களிடம் வேடிக்கைக் கதையாகச் சொல்லும்போதெல்லாம், ‘எங்க அத்தான் எங்கிருந்தோ ஒரு ஃபிளாப்பியைக் கொண்டுவந்து மாட்டிக்கொண்டார்’ என்றே சொல்லிவந்திருக்கிறேன். பொய் சொல்கிறோம் என்ற உணர்வு இல்லாமலேதான் சொன்னேன். ஒரு கதையைப் பத்துத் தடவை சொன்னால், பதினோராவது தடவை அதுவே சாட்சியாகிவிடுகிறது.

எமுலேட்டர் என்பது இன்றைய யந்திரத்துக்குள் பழைய யந்திரம் ஒன்றைக் கட்டளைகளாலேயே எழுப்பிக் காட்டும் நிரல். அவற்றுள் 2002-இல் வெளிவந்த டாஸ்பாக்ஸ் பிரசித்தமானது. மரகதத்தின் நிறம் எனக்குத் தெரிந்த இரவில் நான் ஓட்டியது அதைத்தான். பச்சை மரகதம், மஞ்சள் மூட்டை, கண்ணைக் குத்தும் சிவப்பு. செர்ரியைத் தின்றபோது நிறங்களெல்லாம் திடீரென்று ஒளியேறி மினுக்கின. அறிவிப்புப் பலகை வைத்ததுபோல் இருந்தது எனக்கு. இதை ஆக்கியவர்கள் இப்படித்தான் ஆக்கினார்கள், உலகத்தில் பெரும்பாலோர் இப்படித்தான் ஆடினார்கள், இதுவே மூலம் என்பதில் சந்தேகமில்லை. எனினும், ஊருக்குப் போய்த் திரும்பிய நம் வீட்டுச் சுவருக்கு யாரோ வேறு வர்ணம் அடித்துவிட்டதுபோல் மனம் ஒட்டவில்லை. நான் அறிந்த டிக்கர் ஏற்கெனவே ஒரு போலியின்மேல் ஓடிய டிக்கர். அதைத் திரும்பப் பெற வேண்டுமானால் போலியையே போலிசெய்தாக வேண்டும்: பொய்யான எக்ஸ்.டி., அதற்குள் பொய்யான ஹெர்க்குலிஸ், அதன்மேல் சிம்சிஜிஏ. டாஸ்பாக்ஸில் ஹெர்க்குலிஸைத் தேர்ந்து எஃப்11-ஐ அழுத்திக்கொண்டே போனால் ஆம்பர், பச்சை, வெள்ளை என்று மூன்று நிறமும் மாறி மாறி வருகிறது. இப்படி ஒரு விசையை எவரோ சிரத்தையோடு வைத்திருக்கிறார் என்பதைப் பார்த்தபோது, இந்தப் பைத்தியம் எனக்கு மாத்திரம் அல்ல என்று தெரிந்தது. சிம்சிஜிஏயை இணையத்திலிருந்து எடுத்திருக்கலாம். ஆனால் என் தட்டிலேயே அது இருந்தது. தட்டு அம்மாவின் டிரங்குப் பெட்டியில், பட்டுப்புடவைகளின் அடியில், நாப்தலீன் வாசனையோடு பத்திரமாக இருந்தது. மொத்தம் ஆறு ஃபிளாப்பிகள். ‘டிக்கர்’ என்று என் கையெழுத்தில் சீட்டு. விளிம்பில் கறுப்புச் சதுரம்.

பழைய தட்டுக்களைத் தேடிப் படிப்பதில் பெரிய மனிதர்களும் பாடுபட்டிருக்கிறார்கள். பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியாவை 1989-இல் வெளியிட்ட ஜோர்டன் மெக்னர் அதன் மூல நிரலைத் தொலைத்துவிட்டு, 2012-இல் தம் தகப்பனார் கண்டெடுத்து அனுப்பிய பெட்டியொன்றில் தட்டுக்களைக் கண்டு, விஷயம் தெரிந்த இருவரின் ஒத்தாசையோடு மீட்டு, உலகத்துக்கே கொடுத்துவிட்டார். என் காரியம் அத்தனை கௌரவமானது அன்று. ரிச்சி தெருவில் பழைய 1.2 மெகாபைட் டிரைவ் ஒன்றை வாங்கினேன். அதை இக்காலக் கம்ப்யூட்டரோடு பேசவைக்க, கியர் ஃபிரேசர் என்பவர் வடிவமைத்த கிரீஸ்வீசில் என்ற சிற்றட்டை உதவுகிறது. கோப்பு என்ன, எழுத்து என்ன என்பதெல்லாம் அதற்குப் பொருட்டே இல்லை. சுழலும் தட்டில் காந்தத்தின் திசை எந்தெந்தக் கணத்தில் மாறுகிறது என்பதை மாத்திரம் அளந்து எழுதிக்கொண்டே போகும். அர்த்தம் பிற்பாடு நாம் பார்த்துக்கொள்ள வேண்டியது. முதல் தட்டைப் பூஞ்சைக்காளான் துடைக்காமல் போட்டுவிட்டேன். டிரைவின் முனை அந்தக் காளானை இழுத்துக்கொண்டு சுற்றி, பழுப்புப் பூச்சை வழித்தெடுத்து, தட்டில் கண்ணாடிபோல் ஒரு வளையத்தைத் தெளியவைத்துவிட்டது. அதில் என்ன இருந்தது என்பது இனி ஒருவருக்கும் தெரியாது. அதற்குப் பிறகுதான் புத்தி வந்து, மற்ற ஐந்தையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால், உறையின் நீள்துளை வழியே தட்டைத் திருப்பித் திருப்பித் துடைத்தேன்.

360 கிலோபைட் தட்டின் கணக்கு நிச்சயமானது. பக்கம் இரண்டு, பக்கத்துக்கு 40 வளையம், வளையத்துக்கு 9 பகுதி, பகுதிக்கு 512 பைட், பெருக்கினால் 3,68,640. நாற்பதாவது வளையத்துக்கு அப்பால் வெறும் பூச்சுத்தான். டிரைவின் கைக்கு எட்டும் வரை படிக்கட்டுமே என்று, ஒரு சோம்பேறித்தனத்தினால், 42 வளையங்கள் படிக்கும்படி கட்டளையிட்டுவிட்டுக் காபி போடப் போனேன். திரும்பி வந்து பார்த்தால், நாற்பது வளையமும் ஒழுங்காக வந்திருந்தன. நாற்பத்திரண்டாவதில் வெறும் இரைச்சல். நாற்பத்தோராவதில், ஒன்றும் இருக்கக்கூடாத இடத்தில், பகுதி பகுதியாகப் பிரித்து ஒழுங்காக எழுதப்பட்ட தகவல் இருந்தது. கூடத்துத் திண்ணையில் நாம் அறியாமல் ஒருவன் பாயை விரித்துப் படுத்திருந்ததைப் போல.

ஜோஷியின் குணம் அதுதான். ஃபிளாப்பியில் குடிபுகும்போது, வழக்கமான நாற்பது வளையங்களுக்கு அப்பால் தனக்கென ஒரு வளையம் அமைத்துக்கொண்டு அதில் தங்கும். சாதாரணமாகப் பிரதி எடுப்பவன் கண்ணில் படாது. வைரஸ் தடுப்பு நிரலிடம் அந்தப் பிரதியைக் காட்டினேன். தட்டின் முதல் பகுதியை முகர்ந்துவிட்டு அதன் பெயரைச் சொல்லிற்று. இருந்தும் வக்கீல் புத்தி விடவில்லை. என் தட்டிலிருந்து யந்திரத்துக்குப் போயிற்றா, யந்திரத்திலிருந்து என் தட்டுக்கு வந்ததா? எங்கேயோ ஒட்டிக்கொண்டு அந்த ஏ.டி.க்குள் முன்னமே இருந்திருக்கலாமே. பாவம், என் தட்டும் பாதிக்கப்பட்டிருக்கலாமே? அந்தக் கறுப்புச் சதுரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். வெட்டு மூடியிருந்தால் எழுதுவதற்கு மின்சாரமே முனைக்குப் போகாது; வைரஸின் சாமர்த்தியம் எதுவும் அங்கே செல்லாது. ஒட்டுத்தாளின் நான்கு ஓரத்திலும் ஒரு பதினோரு வயதுப் பையனின் நகம் தேய்த்த கோடு இன்னும் தெரிந்தது. உரித்த தடம் இல்லை. சென்னையில் நான் அதை ஒட்டும்போதே ஜோஷி உள்ளே இருந்திருக்கிறான்.

இரண்டு நாள் கழித்து அத்தானுக்குப் போன் செய்தேன். பின்னணியில் எவர்சில்வர் தட்டுக்களை அடுக்கும் ஓசை. கார்த்திகையில் கரண்டு போனது, என் ஃபிளாப்பி, நாற்பத்தோராவது வளையம், ஒட்டுத்தாள் என்று, ஆபீசில் அறிக்கை படிப்பதுபோல் ஒன்றுவிடாமல் சொன்னேன். நடுவில் ஒரு வாடிக்கைக்காரருக்குக் குத்துவிளக்கின் எடை சொல்லிவிட்டு வந்தார். நான் முடித்த பிறகும் சிறிது நேரம் தட்டுச் சத்தம்தான் கேட்டது.

“அந்த ஜோஷிப் பயலுக்கு இப்ப வயசு என்ன இருக்கும் மாப்ள?” என்றார். பிறகு, “பாட்டுக் கேக்குதா அதுல?” என்றார்.

ஆனித் தேரோட்டத்துக்குப் போனபோது மடிக்கணினியையும் எடுத்துப்போனேன். இம்முறை 86பாக்ஸ் என்ற எமுலேட்டர். அது பழைய யந்திரத்தை உள்ளுறுப்பு ஒவ்வொன்றோடும் எழுப்புவது, ஆகவே வேகத்தைப் பற்றி நான் எதுவும் ஊகிக்க வேண்டியிருக்கவில்லை. வேறொரு நல்ல டாஸ் தட்டால் யந்திரத்தை எழுப்பினேன். ஜோஷியைத் தூங்கவிட்டு அவன் தலைமாட்டிலிருந்து சிம்சிஜிஏயையும் டிக்கரையும் எடுத்துக்கொள்வதுபோல. கடையை அடைத்துவிட்டு அத்தான் வந்து மாடியறையில் உட்கார்ந்தபோது இரவு பத்தரை. முதலில் வேடிக்கைக்காக நிறத்தில் காட்டினேன். “இது என்ன, மிட்டாய்க் கட மாதிரி? நம்மது இது இல்லயே” என்றார். மாற்றினேன். இருட்டில் ஆரஞ்சு இழைகள் எரிந்தன. அத்தான் ஒன்றும் சொல்லாமல் நாற்காலியை என் இடப்பக்கம் இழுத்துப்போட்டுக்கொண்டார்.

முதல் பூதம் வந்தது. அவர் எஃப்1-ஐ அழுத்தினார். குண்டு புறப்படவில்லை, பாட்டு நின்றுவிட்டது. மறுபடி அழுத்தினார், பாட்டு வந்தது. என் மடிக்கணினியில் எஃப்1 என்பது ஒலியை அடக்கும் விசை. அதன் பழைய வேலையைச் செய்யவைக்க, கீழ் மூலையில் உள்ள எஃப்என் விசையையும் கூடவே பிடித்துக்கொள்ள வேண்டும். அதை அவர் இடது கையால் பிடித்தால் சுடும் விரல் பிந்தியது; நான் பிடித்தால் வண்டி சுவரில் முட்டியது. இரண்டு சாவுப்பாட்டு ஆயிற்று. அப்போது பொறியியல் கல்லூரியில் படிக்கும் அத்தான் மகள் பால் தம்ளர்களை வைத்துவிட்டு, “நா பிடிக்கேன், நகருங்க” என்று எங்கள் இருவருக்கும் நடுவே குனிந்து, ஒரு விரலால் அந்த விசையை அழுத்திக்கொண்டு நின்றாள்.

மூன்று கைகளோடு ஆட்டம் ஓடிற்று. மூலையில் செர்ரி தோன்றியது. வளைத்துக்கொண்டு போய்த் தின்றேன். மெட்டு மாறியதும், “தொரத்து மாப்ள, தொரத்து!” என்று அத்தான் தொடையைத் தட்டினார். ஓடிக்கொண்டிருந்த வண்டியைத் திருப்பிப் பூதத்தின்மேல் விட்டேன்.

அந்தப் பெண் திரையை உற்றுப் பார்த்தாள். “இப்ப என்ன மாறிச்சு? எல்லாம் அப்படியேதான இருக்கு?” என்றாள். பாட்டு முடிகிற வரைக்கும் அவளுக்குப் பதில் சொல்ல எங்கள் இருவருக்கும் அவகாசமில்லை.